கடல் எங்கயும் ஓடிப்போயிடாது

போகலாம் மேடம், போகலாம். யாரு போகக்கூடாதுன்னா? கடல் எங்கயும் ஓடிப்போயிடாது. காலங்காலமா அங்கயேதான் கெடக்கு, எங்க முதலாளி மாதிரி. எந்திரிச்சு ஒரு வேலை பாக்காது, சத்தம் மட்டும் நல்லாப் போடும். நீங்க மேஜையில இருக்குற அந்த ஓட்டைக்குள்ள மூஞ்சிய வச்சுக் குப்புறப் படுங்க. ஆங், அப்படித்தான். மூச்சு விட முடியுதா? விடுங்க. விட்டுக்கிட்டே இருங்க.

எண்ணெய் சுடுதா? சுட்டா சொல்லிரணும். சில பேரு சொல்லவே மாட்டாங்க. காசு குடுத்திருக்கோம், சுடத்தான் செய்யும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடப்பாங்க. ஒரு ஆளு முதுகே தக்காளி கணக்கா பழுத்துப் போச்சு. எந்திரிச்சுட்டு, சூப்பர்மான்னாரு. இதுக்கு நான் என்ன சொல்ல? வீட்டுல பொண்டாட்டி வெந்நி கொஞ்சம் சூடா வச்சா சொம்பைத் தூக்கி எறிவாரு, இங்க வந்து சூப்பராம்.

மேடம்னு கூப்பிட வேணாமா? அப்புறம் எப்படிக் கூப்பிட? அக்கான்னா நீங்க கோவிச்சுக்குவீங்க, நான் உங்களைவிட மூத்தவளாத்தான் தெரியுறேன். தங்கச்சின்னு வச்சுக்கட்டுமா? சரி தங்கச்சி. கையை இப்படித் தொங்க விடுங்க. கல்லு மாதிரில்ல இருக்கு தோளு. மூட்டை தூக்குற வேலையா? ஆபீஸா? ஆபீஸ்லயும் மூட்டை தூக்கச் சொல்வாங்க போல.

ஆனா ஒண்ணு தங்கச்சி, நீங்க தலைகீழா வந்துட்டீங்க. இங்க வர்றவங்க எல்லாரும் முதல்ல கீழ இறங்கிப் போயி, கடல்ல வெறைக்க வெறைக்க முங்கி, உதடு கத்திரிக்காக் கலர்ல ஆனதும் மேல ஓடியாருவாங்க. வந்து வெந்நீர்த் தொட்டியில உக்காந்த உடனே ஒரு சத்தம் போடுவாங்க பாருங்க, ஆஆன்னு. போன உசுரு வீடு திரும்புனாப்ல. அதுக்குத்தான் இந்த இடமே. கடல் முதல்ல, வெந்நீர் அப்புறம். நீங்க முதல்ல வெந்நீர், எண்ணெய், அப்புறம் கடல்னு சொல்லிட்டீங்களாம். கவுண்ட்டர் பொண்ணு ஓடி வந்து எங்கிட்ட, அக்கா, ஒருத்தங்க சாப்பிடாமலே ஏப்பம் விடுறாங்கன்னா. வாயாடி. நான் வளத்த வாயி, வேற எப்படி இருக்கும்?

அதெல்லாம் தப்பில்ல. உங்க இஷ்டம். நான் சும்மா சொன்னேன்.

முதுகு நல்லா இளகி வருது. இருங்க, இந்த ஜன்னலைக் கொஞ்சம் தெறந்துக்கறேன், புழுக்கமா இருக்கு. இங்கருந்து பாத்தா கீழ முழுசாத் தெரியும். சுத்திப் பாறை, நடுவுல தண்ணி. அதனால கிண்ணம்னே பேராப் போச்சு. கடல் ஏறி இறங்குறதுல தெனமும் நெறையும், வத்தும். இப்பக் கிண்ணம் விளிம்பு வரைக்கும் நெறஞ்சு கெடக்கு. நடுவுல ஒரு பாறை இருக்கும், தொப்பைப் பாறை. இப்ப மண்டை மட்டும்தான் தெரியுது, யாரோ தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு நம்மளை எட்டிப் பாக்குற மாதிரி. தண்ணி வத்த வத்த கழுத்து தெரியும், அப்புறம் தொப்பை வெளிய வரும். அப்படியே எங்க முதலாளி. அவருகிட்ட சொல்லிராதீங்க.

காவலுக்கா? இருக்காரு ஒருத்தரு. விசில்காரர்னு சொல்வோம். செவப்பு டவுசர் போட்டுக்கிட்டு, கழுத்துல விசிலு, ஒரு முக்காலி, ஒரு குடை. இன்னைக்கும் உக்காந்திருக்காரு. யாரும் இல்லாத கடலை என்னத்துக்குக் காவல் காக்குறீருன்னு கேட்டா, கடலை யாரும் தூக்கிட்டுப் போயிடக் கூடாதுல்லம்பாரு. பெரிய தமாசுன்னு நெனப்பு. அவரு சொல்லி அவரே சிரிச்சுக்குவாரு. சிரிச்சா இருமல் வரும். இருமல் வந்தா நிக்காது. அப்புறம் விசிலை வாயில வச்சு ஊதினாலும் சத்தம் வராது, பூனை தும்முன மாதிரி ஒண்ணு வரும்.

சீசன் முடிஞ்சு போச்சுல்ல, ஆளே இல்ல. நீங்க மட்டும்தான் இன்னைக்கு. சீசன்ல வந்திருந்தா இங்க நிக்க இடம் இருக்காது. இந்த ரோடு பூரா காருதான். முதல்ல அந்த அருவி கடல்ல விழுற இடத்துல குளிப்பாங்க, அப்புறம் ரோட்டோரத்துல கந்தக வாடை அடிக்குற ஊத்து, அப்புறம் அந்த நீல ஏரி, அப்புறம் நாங்க. நான் ஒண்ணையும் பாத்ததில்ல. எல்லாம் முதுகு பாத்துச் சொல்றதுதான். கந்தகத்துல உக்காந்து வந்தவங்க மேல அழுகுன முட்டை வாடை. அவங்களுக்கே தெரியாது. இயற்கையோட ஒண்ணாயிட்டேன்னு சொல்லுவாங்க. நான் மூக்கைப் பொத்திக்கிட்டு ஆமா சார், ஒண்ணாத்தான் ஆயிட்டீங்கம்பேன்.

நீங்களும் எல்லா இடத்துலயும் நின்னுதான் வந்தீங்களாமே. கவுண்ட்டர் பொண்ணு சொன்னா. ஆனா உங்க மேல ஒரு வாடையும் இல்லையே. தலைமுடியில உப்பு இல்ல, காதுக்குள்ள மணலு இல்ல. ஷாம்பு வாசந்தான் வருது.

ஓ. இறங்கலையா? காருக்குள்ளயேவா? ஒவ்வொரு இடத்துலயும் வண்டிய நிறுத்திட்டு உள்ளயே உக்காந்து பாத்துட்டு வந்துட்டீங்களா? சரிதான். அதுவும் நல்லதுதான், துணி நனையாது.

ரெண்டு பேருக்குல்ல பதிஞ்சிருக்கு? பக்கத்து மேஜையும் தயாரா விரிச்சு வச்சிருந்தேன். வீட்டுக்காரர் வரலையா? ஆம்பளைங்களே அப்படித்தான், எண்ணெய்னா ஓடுவாங்க...

வீட்டுக்காரர் இல்ல. சரி. பொண்ணா.

பொண்ணு வரலையா?

...

என் கால்ல என்னமோ சொட்டுதுன்னு பாத்தேன். எண்ணெயோன்னு நெனச்சேன். பரவால்ல, சொட்டட்டும். அந்த ஓட்டை அதுக்குத்தான் இருக்கு. மூச்சு விடன்னு முதலாளி சொல்லுவாரு, அவருக்கு என்ன தெரியும்? அங்கன கீழ தரையைப் பாருங்க, அந்த ஓட்டைக்கு நேரா மட்டும் ஓடு வெளுத்துப் போயிருக்கும். எத்தனை பேரு ஊத்துனதோ. நான் தொடைக்குறதோட சரி, யாருன்னு குனிஞ்சு பாக்க மாட்டேன்.

எப்ப போனா?

ம். அப்ப இன்னும் ஒரு வருசம் கூட ஆகல. இந்தப் பயணம் அவ போட்டதா? ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டா? போன்ல காமிச்சு, அம்மா இங்கெல்லாம் குளிக்கணும், இங்கெல்லாம் குளிக்கணும்னு... கட்டில்ல படுத்துக்கிட்டே உங்களைக் கடலெல்லாம் கூட்டிட்டுப் போயிருக்கா. நல்ல பொண்ணு. நீச்சல் தெரியுமா அவளுக்கு? மீனு மாதிரியா. உங்களுக்கு?

சரி விடுங்க, நான் கேக்கல.

இப்பத் திரும்பி மல்லாக்கப் படுங்க. கண்ணைத் தொடைக்காதீங்க, கையில எண்ணெய் இருக்கு, எரியும். நான் தொடைக்குறேன். இந்தாங்க. மூக்கைச் சிந்துங்க. வெக்கம் என்ன வெக்கம்? நான் பாக்காத மூக்கா?

இதுவா? சேறு. ஊத்துக்கு அடியில கெடக்குறது. நீங்க கேக்கலதான். காசு கெடையாது, நானாப் போடுறேன். வெந்நியில கெடந்த ஒடம்பு, அங்கங்க தெறந்து கெடக்கும். அப்படியே போயி குளுந்த தண்ணியில இறங்கினா நெஞ்சைப் புடிச்சிரும். சேறு பூசி மூடி, காய விட்டு, அப்புறம்தான் போகணும். இங்க அப்படித்தான் வழக்கம். யாரை வேணா கேளுங்க. கேக்க இங்க யாரும் இல்லங்குறது வேற விசயம்.

சின்னப்புள்ளையில நாங்க சேத்துல விழுந்து எந்திரிச்சா எங்கம்மா வெளக்குமாத்தை எடுப்பாங்க. இங்க பாருங்க, காசு குடுத்துப் பூசிக்குறாங்க. எங்கம்மா இருந்து இதைப் பாத்திருந்தா, அடிச்ச அடிக்கெல்லாம் பில்லு போட்டிருப்பாங்க.

எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க. ஈரமா இருக்கு, வெடிச்சிரும். போர்வையைச் சுத்திர்றேன். சின்னக் கொழந்தைய மூடுற மாதிரி. கை உள்ள இருக்கட்டும்.

துணியா? உங்க துணி... அய்யோ. அதை ஏன் கேக்குறீங்க. நான் ஒரு கூமுட்டை. கொக்கியில மாட்டிருந்தீங்கள்ல, அழுக்குத் துண்டுன்னு நெனச்சுக் கூடையில தூக்கிப் போட்டுட்டேன். கூடை சலவைக்குப் போயிடுச்சு. இல்ல இல்ல, வந்துரும், இப்ப வந்துரும். மிஷின்ல போட்டு, காய வச்சு, மடிச்சுக் குடுத்துருவாங்க. முதலாளிகிட்ட சொல்லாதீங்க, வேலை போயிரும். சும்மா வெளுத்துக் குடுக்குறாங்கன்னு நெனச்சுக்கங்களேன்.

அதுவரைக்கும் என்ன, பேசிக்கிட்டு இருப்போம். நான் பேசுறேன், நீங்க சேறு காயுங்க.

விசில்காரர் கதை சொல்லவா? சிரிப்பா வரும். ஆரம்பத்துல இங்க மீன் பொட்டி தூக்க வந்த ஆளு. நீச்சல்னு சொல்லிக்க முடியாது, எருமை ஆத்தைக் கடக்குற மாதிரி தலையைத் தூக்கிக்கிட்டு, புஸ்ஸு புஸ்ஸுன்னு. ஆனா போயிச் சேந்துருவாரு. முதலாளி பாத்தாரு, இவனுக்குச் சம்பளம் கம்மியா குடுக்கலாம்னு விசிலை மாட்டிவிட்டுட்டாரு. அந்த விசிலு வந்த அன்னைக்கு அந்த மனுசன் பண்ணுன அலப்பறை இருக்கே, சோறு திங்கும்போதும் கழுத்துல, தூங்கும்போதும் கழுத்துல. காலையில எந்திரிச்சு பல்லு வெளக்காம ஒரு ஊது ஊதுவாரு. தெரு நாயெல்லாம் ஊளையிடும்.

போன சீசன் கடைசில ஒரு ஆளு வந்தாரு. நல்ல உயரம், இஸ்திரி போட்ட சட்டை. தனியாத்தான் வந்தாரு. கீழ இறங்கிப் போனாரு, கிண்ணம் நெறஞ்சிருந்த நேரம். தொப்பைப் பாறைக்கு அந்தப் பக்கம் போயிட்டாரு. அங்க அடியில ஒரு இழுப்பு இருக்கு, தண்ணி முழுசா இருக்கும்போது யாரும் போகமாட்டாங்க. ஆளு முங்குனாரு, வரல. நம்ம எருமை குதிச்சிருச்சு. யாரையாவது கூப்பிடணும், கயிறு எடுக்கணும், ஒண்ணும் இல்ல. விசிலு ஊதக்கூட இல்ல. ஊதத்தானே சம்பளம்? குதிச்சுட்டாரு. நான் இதே ஜன்னல்லருந்துதான் பாத்துக்கிட்டு நின்னேன். கையில யாரோ ஒருத்தங்க காலு, பாதி தேய்ச்சது.

ரெண்டு பேரும் வெளிய வந்தாங்க. அந்த ஆளு நாலு தடவை வாந்தி எடுத்துட்டு எந்திரிச்சு உக்காந்துட்டாரு. நம்ம ஆளு எந்திரிக்கல. பாதிக் கடலைக் குடிச்சுட்டாரு. ஆஸ்பத்திரியில வச்சு உறிஞ்சி உறிஞ்சி எடுத்தாங்க. நெஞ்சுல ஒரு பக்கம் போச்சுன்னுட்டாரு டாக்டரு. படி ஏறக் கூடாது, குளுந்த தண்ணியில முகங்கூட கழுவக் கூடாது. கடல்ல இறங்குனா, அன்னைக்கோட சரின்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு. நாசூக்குத் தெரியாத டாக்டரு.

அதுக்கு இந்த மனுசன் என்ன கேட்டாரு தெரியுமா? விசிலு எங்கன்னு கேட்டாரு.

முதலாளி மறுபடியும் அங்கயே உக்கார வச்சுட்டாரு. நல்ல மனசு இல்ல, வேற ஆளு கெடைக்கல. உக்காந்து ஊதுனா மட்டும் போதும், இறங்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்காங்க. சத்தியம்! தலையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டு, மறுநாளே ஒரு பந்து போச்சுன்னு முட்டி வரைக்கும் இறங்குன ஆளு. பந்துக்கே இறங்குறவரு.

அந்த ஒசரமான ஆளா? நல்லா இருக்காரு. அதுதான் பெரிய தமாசு. இந்த சீசன்ல திரும்ப வந்தாரு, யாரோ ஒரு அம்மாவையும் கூட்டிக்கிட்டு. தொப்பை போட்டிருக்கு. டீ ஆறிப்போச்சுன்னு கவுண்ட்டர்ல அப்படி ஒரு சண்டை. மேனேஜரைக் கூப்பிடு, அவனைக் கூப்பிடு, இவனைக் கூப்பிடுன்னு. நான் வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன். ஏன்யா, அன்னைக்கு அவ்வளவு பெரிய கடலே போதும்னு போனவன், இன்னைக்கு ஒரு கிளாஸ் டீக்கு இந்தக் குதி குதிக்குறியேன்னு. கேக்கல. சூடா வேற டீ போட்டுக் குடுத்தேன். ரெண்டு கிளாஸ் குடிச்சாரு.

காஞ்சிருச்சா? இருங்க பாக்குறேன். இல்ல, இன்னும் கழுத்துக்கிட்ட ஈரம். பொறுங்க.

தொப்பைப் பாறையா? வெளிய வந்துருச்சு, இடுப்பு தெரியுது. நீங்க ஏன் அதைக் கேக்குறீங்க? ஓ, நான்தான் அடிக்கடி பாத்துக்கிட்டு இருக்கேனா? கெட்ட பழக்கம். அந்த ஜன்னலும் நானும் அப்படித்தான். தேய்ச்சுக்கிட்டே இருப்பேன், கண்ணு அங்க போயிரும். முதலாளி கேப்பாரு, உனக்குச் சம்பளம் கைக்கா கண்ணுக்கான்னு.

உங்க பொண்ணு பேரைச் சொல்ல வேணாம். எப்படிச் சிரிப்பா, அதை மட்டும் சொல்லுங்க.

ம்ம். சிரிச்சா விக்கல் வருமா? அது ஒரு சிரிப்பா? நல்லா இருந்திருக்குமே பக்கத்து மேஜையில. நானும் விடமாட்டேன், விக்கல் நிக்குற வரைக்கும் தமாசு பண்ணிருப்பேன். அந்த மேஜையை நான் இன்னும் சுருட்டல பாருங்க. விரிச்சது விரிச்சபடி கெடக்கட்டும்.

இப்ப வாங்க, கழுவிரலாம். மெதுவா எந்திரிங்க, தலை சுத்தும். வெந்நிதான், பயப்படாதீங்க. சேறு எப்பவோ காஞ்சு போச்சு தங்கச்சி. பாளம் பாளமா வருது பாருங்க. இவ்வளவு நேரம் எல்லாம் வைக்க மாட்டோம். ஒடம்பு தெறந்து கெடக்கும், மூடணும்னு சொன்னதும் நான் அடிச்சு விட்டதுதான். அப்படி ஒரு வழக்கமே இங்க கெடையாது.

இந்தாங்க துணி. சலவைக்கெல்லாம் போகல. அந்த அலமாரி மேலதான் இருந்தது, நாந்தான் தூக்கி வச்சேன்.

கோவமா? நல்லாக் கோவப்படுங்க. முதலாளிகிட்ட சொல்லணும்னா சொல்லுங்க, இந்த மணி அடிச்சா வருவாரு. ஆனா ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போங்க. கவுண்ட்டர் பொண்ணு ஏப்பம் விடுறாங்கன்னு மட்டும் சொல்லல. கடலுக்குப் போறவங்களுக்குத் துண்டு குடுப்போம், எல்லாரும் வாங்கிக்கிட்டுத்தான் போவாங்க. நீங்க வேணாம்னுட்டீங்களாம். கார் சாவியும் நீயே வச்சுக்கம்மான்னு குடுத்தீங்களாம். குளிச்சுட்டுத் திரும்பி வர்றவங்களுக்குத் துண்டு வேணும் தங்கச்சி. துண்டு வேணாம்னு சொன்ன ஆளு இதுக்கு முன்னாடி ஒருத்தர்தான். வெந்நி முதல்ல, கடல் அப்புறம்னு கேட்டவரும் அந்த ஒருத்தர்தான். இப்ப டீக்குச் சண்டை போடுறாரே, அவரு.

நான் தப்பா நெனச்சிருந்தா என்னைச் செருப்பால அடி. நீன்னு சொல்லிட்டேன், பரவால்ல, தங்கச்சிதானே.

தப்பா நெனக்கலையா.

சரி. உக்காரு. அழுவாத, அழுதா நான் அடுத்த தமாசு சொல்லிருவேன், அது இன்னும் கேவலமா இருக்கும்.

உனக்காகத்தான் புடிச்சு வச்சேன்னு நெனச்சிராத. நான் அவ்வளவு நல்லவ இல்ல. நீ யாரு எனக்கு? காலையில வந்த முதுகு. உன் துக்கம் எம்மாம் பெருசுன்னு எனக்கு என்ன தெரியும்? அதை வாங்கி வைக்க எங்கிட்ட இடமும் இல்ல. ஆனா நீ அங்க போயி முங்குனா, அந்த எருமை முக்காலியை விட்டு எந்திரிக்கும். சத்தியமாவது ஒண்ணாவது. பாதி நெஞ்சை வச்சுக்கிட்டுக் குதிக்கும். உன்னையும் கொண்டாந்துருவாரு, அதுல சந்தேகமே இல்ல. அவரு வரமாட்டாரு. இந்த ஜன்னல்ல நின்னு அதை ரெண்டாந்தடவை பாக்க எனக்குத் தெம்பு இல்ல.

இங்க வா, எட்டிப் பாரு. கடல் எங்கயும் ஓடிப்போயிடாதுன்னு சொன்னேன்ல? அதுவும் பொய்தான். பாரு, ஓடிப் போயிடுச்சு. தொப்பைப் பாறைக்குக் கால் வரைக்கும் தெரியுது. இப்பக் கிண்ணத்துல முட்டி அளவுதான் தண்ணி. மறுபடி நெறையுறதுக்குள்ள இருட்டிரும், கீழ கேட்டைப் பூட்டிருவாங்க. அந்தப் பூட்டுக்குச் சாவியும் அவருகிட்டத்தான், அதுலயும் ஒரு பந்தா.

இப்பப் போ. உன் பொண்ணு குளிக்கணும்னு சொன்ன எடம்தானே, போயி காலை நனைச்சுட்டு வா. இந்தத் துண்டை எடுத்துக்க. வேணாம்னு சொல்லாத, கெட்ட கோவம் வரும்.

அப்படியே இந்த டப்பாவையும் எடுத்துட்டுப் போ. அந்த விசில்காரர் கையில குடுத்துரு. ஆமா, சாப்பாடு. இந்நேரத்துக்கு ரெண்டு தடவை திட்டிருப்பாரு, கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து இவ நேரத்துக்குச் சோறு குடுத்ததே இல்லன்னு. உன்னால இன்னைக்கு லேட்டு, நீயே போயி திட்டு வாங்கிக்க. அவரு தின்னு முடிக்குற வரைக்கும் பக்கத்துல உக்காரு. கருமம், அவசர அவசரமாத் திம்பாரு, இருமல் வரும். முதுகுல லேசாத் தட்டணும். லேசா.

காலி டப்பாவை அவருகிட்ட விட்டுட்டு வந்துராத. மூடியைத் தொலைச்சுருவாரு. நீயே எடுத்துட்டு வந்து என் கையில குடுக்கணும். நான் இங்கதான் ஜன்னல்கிட்ட நிப்பேன்.